தீயின் சூடு எத்தனை டிகிரி? ஒரே சுடருக்குப் பல விடைகள் வருவது ஏன்

மீத்தேனைக் காற்றில் எரித்தால் சுடரின் வெப்பநிலை எவ்வளவு? கையேட்டைப் புரட்டினால் 1,950 டிகிரி செல்சியஸ் என்றிருக்கும். பர்னருக்கு மேலே தெர்மோகப்பிள் என்ற கம்பி வெப்பமானியை நீட்டினால் 1,550 காட்டலாம். அதே இடத்தை லேசரால் அளந்தவர் 1,700 என்பார். கணினி மாதிரியை ஓட்டியவர் கையில் நான்காவதாக ஓர் எண் இருக்கும்.

ஒன்று சரி, மற்றவை தப்பு என்று முடிவு கட்டத் தோன்றும். நான்குமே சரியாக இருக்கலாம், ஏனென்றால் நான்கும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். சுடரின் வெப்பநிலையைக் கருவியிலிருந்து நேரே படித்துக்கொள்ள முடியாது. ஒவ்வோர் அளவீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்குள்ளும் முன்பு யாரோ எடுத்த அளவீடு ஒளிந்திருக்கிறது. சுடருக்குள் எந்த வாயு எவ்வளவு என்ற கேள்விக்கும் இதே கதைதான். இனி வரும் வெப்பநிலைகள் கெல்வினில். 273-ஐக் கழித்தால் செல்சியஸ்.

## முதலில், எந்தச் சுடர்?

திரவமோ வாயுவோ ஒழுங்கான அடுக்குகளாக, ஒன்றோடொன்று கலக்காமல் நகர்ந்தால் அது சீரோட்டம். ஆங்கில வழக்கில் லாமினார் ஓட்டம். வேகம் கூடும்போது அடுக்குகள் குலைந்து சுழல்களாகிவிடும். அது கொந்தளிப்பு ஓட்டம். 1883-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் சாயம் விட்டுப் பார்த்து இந்த எல்லையை ஓர் எண்ணாக்கினார். குழாய்க்குள் அந்த ரெனால்ட்ஸ் எண் சுமார் 2,000-க்குக் கீழே இருந்தால் சீரோட்டம்.

விமான எஞ்சினிலும் மின் நிலையக் கொதிகலனிலும் எரிவது கொந்தளிப்புச் சுடர். அப்படியிருக்க ஆய்வகங்கள் அசையாமல் நிற்கும் சீரோட்டச் சுடரைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன்? அது ஒரே இடத்தில் நிற்கும், நாள் முழுக்க மாறாது, கணக்குக்கும் அடங்கும். வேதியியலைத் தனியாகப் பிரித்துச் சோதிக்க வேறு நல்ல இடம் இல்லை.

அதிலும் இரண்டு வகை உண்டு.

1. முன்கலப்புச் சுடர்: எரிபொருளும் காற்றும் எரியும் முன்பே கலந்துவிடும். புன்சன் பர்னரின் காற்றுத் துளையைத் திறந்தால் தெரியும் நீலக் கூம்பு இதுதான்.
2. விரவல் சுடர்: எரிபொருள் ஒரு பக்கத்திலிருந்தும் காற்று மறுபக்கத்திலிருந்தும் வந்து, சந்திக்கும் இடத்தில் எரியும். மெழுகுவர்த்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவ்வகைச் சுடரின் உயரத்தைக் கணிக்கும் முதல் கோட்பாட்டை பர்க்கும் ஷூமனும் 1928-இல் தந்தார்கள்.

கீழே பெரும்பாலும் பேசப்போவது முன்கலப்புச் சுடரைப் பற்றி. அதில் எரிபொருளும் காற்றும் மிச்சமில்லாமல் தீரும் சரியான விகிதத்தை நிறைவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். மீத்தேனுக்கு அது கன அளவில் 9.5 சதவீதம்.

## அரை மில்லிமீட்டருக்குள் ஒரு பயணம்

நிறைவிகிதக் கலவை அறை வெப்பநிலையிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் எரிந்தால், சுடர் புதுக் கலவைக்குள் விநாடிக்குச் சுமார் 37 சென்டிமீட்டர் வேகத்தில் நுழைந்துகொண்டே போகும். இதற்கு எரிவேகம் என்று பெயர். சுடரின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கலவையின் ஒரு துளி இந்தத் தடிமனைக் கடக்க ஒரு மில்லி விநாடி கூட ஆகாது.

அந்த இடைவெளியில் நடப்பது இது. முதலில் எரிதல் எதுவும் இல்லை. முன்னால் இருக்கும் சூடு பின்னோக்கிக் கடந்து வந்து வாயுவைச் சூடாக்குகிறது. அதோடு ஹைட்ரஜன் அணுக்களும் பின்னோக்கி விரவி வருகின்றன. 1,000 கெல்வினைத் தாண்டியதும் மீத்தேன் சிதையத் தொடங்குகிறது. மெல்லிய வினை அடுக்கு ஒன்றில் அது மெத்தில், ஃபார்மால்டிஹைடு, கார்பன் மோனாக்ஸைடு என்று படிப்படியாக மாறுகிறது. கார்பன் மோனாக்ஸைடு 4 முதல் 5 சதவீதம் வரை ஏறி, பிறகு நிதானமாகக் கார்பன் டை ஆக்ஸைடாகி 1 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி நிலைகொள்கிறது. ஹைட்ராக்ஸில் போன்ற ராடிக்கல்கள், அதாவது இணையாத எலக்ட்ரானோடு வினைக்குத் துடிக்கும் துண்டுகள், சமநிலை அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே எகிறிவிட்டுத் தணிகின்றன.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 300 கெல்வினிலிருந்து 2,200 கெல்வினுக்கு அரை மில்லிமீட்டரில் ஏறினால், ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 கெல்வின் சரிவு. கருவியின் முனை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் விடை 400 கெல்வின் மாறிவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சுடரில் செல்லாது. எந்த இடத்தில் அளந்தீர்கள் என்பதைச் சொல்லாத வெப்பநிலைக்கு அர்த்தமே இல்லை.

## கையேட்டு எண் எங்கிருந்து வருகிறது

கையேட்டில் இருக்கும் 1,950 டிகிரி, அதாவது சுமார் 2,225 கெல்வின், யாரும் அளந்த எண் அல்ல. அது கணக்கு. எரிபொருள் முழுவதும் எரிந்து, வெளியே துளி வெப்பமும் போகாமல், விளைபொருள்கள் வேதிச் சமநிலைக்கு வந்துவிட்டால் எத்தனை டிகிரி இருக்கும் என்ற கற்பனைக்கான விடை. பாடநூல் மொழியில் வெப்பப் பரிமாற்றமில்லாச் சுடர் வெப்பநிலை.

இந்தக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எரிந்தால் நீரும் கார்பன் டை ஆக்ஸைடும் மட்டுமே வரும் என்று வைத்துப் போட்டால் விடை சுமார் 100 கெல்வின் கூடுதலாக வரும். உண்மையில் அந்தச் சூட்டில் கார்பன் டை ஆக்ஸைடின் ஒரு பகுதி கார்பன் மோனாக்ஸைடாகவும் ஆக்சிஜனாகவும் உடைகிறது. நீரும் கொஞ்சம் உடைகிறது. உடைவதற்கு ஆற்றல் செலவாகிறது. அதனால்தான் இறுதி விடை இறங்குகிறது. காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனில் எரித்தால் நைட்ரஜனைச் சூடாக்கும் வேலை மிச்சமாகும். விடை 3,000 கெல்வினைத் தாண்டும்.

ஆய்வகத்துச் சுடர் இதைவிடக் குளிர்ச்சியாக இருக்கக் காரணம் பர்னரேதான். நுண்துளைத் தட்டின் வழியே கலவையை விட்டு, தட்டுக்கு மேலே சமதளமாக நிற்கும் தட்டைச் சுடரை உண்டாக்குவது வழக்கம். 1954-இல் போத்தாவும் ஸ்பால்டிங்கும் நீரால் குளிர்விக்கும் இத்தகைய தட்டைப் பயன்படுத்தினார்கள். கலவை வரும் வேகம் எரிவேகத்தைவிடக் குறைவாக இருந்தால் சுடர் தட்டை நோக்கி இறங்கிவரும். இறங்கினால் தட்டுக்குச் சூட்டை இழக்கும். இழந்தால் எரிவேகம் குறையும். வரும் வேகமும் எரிவேகமும் சமமாகும் உயரத்தில் அது நின்றுவிடும். ஆக, தட்டைச் சுடர் நிலையாக நிற்பதே அது சூட்டை இழப்பதால்தான். கையேட்டு எண்ணை அதனிடம் எதிர்பார்ப்பது முறையல்ல.

## தெர்மோகப்பிள் தன் சூட்டைத்தான் சொல்லும்

இரு வேறு உலோகக் கம்பிகளின் முனையை இணைத்துச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். சீபெக் 1821-இல் கண்ட விளைவு இது. சுடருக்கு வழக்கமாகப் பயன்படுவது பிளாட்டினமும் பிளாட்டினம்-ரோடியம் கலவையும். பிளாட்டினம் 2,041 கெல்வினில் உருகிவிடும் என்பதால் கையேட்டு வெப்பநிலையைத் தொட்டுப் பார்க்கும் யோகம் அதற்கு இல்லை.

உருகாத இடத்திலும் சிக்கல் உண்டு. கம்பி முனையில் இருக்கும் சிறு மணி தன் வெப்பநிலையை மிகச் சரியாகச் சொல்லும். வாயுவின் வெப்பநிலையை அல்ல. சூடான மணி சுற்றிலும் வெப்பத்தைக் கதிர்வீசிக்கொண்டே இருக்கிறது. வாயு அதற்குச் சூட்டை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சமமாகும்போது மணி வாயுவைவிடக் குளிர்ந்தே இருக்கும். எவ்வளவு?

மணியின் விட்டம் 0.3 மில்லிமீட்டர், அது காட்டும் வெப்பநிலை 1,800 கெல்வின், பளபளப்பான பிளாட்டினத்தின் உமிழ்திறன் (முழுக் கறுப்புப் பொருளோடு ஒப்பிட்டால் அது கதிர்வீசும் பங்கு) 0.2 என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 லட்சம் வாட் வீதம் அது கதிர்வீசும். அந்தச் சூட்டில் வாயுவின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.11 வாட் அளவில் இருக்கும். வாயுவிலிருந்து மணிக்கு வெப்பம் எவ்வளவு எளிதாகப் பாயும் என்பதைக் குறிக்கும் நஸ்ஸெல்ட் எண்ணைக் கோளத்துக்கு 2 என்று எடுத்து வகுத்தால், வாயு மணியைவிடச் சுமார் 160 கெல்வின் கூடுதல் சூட்டில் இருக்கிறது. 0.05 மில்லிமீட்டர் மணி அதே 1,800-ஐக் காட்டினால் வித்தியாசம் 27 கெல்வின்தான்.

மணியின் மேல் புகைக்கரி படிந்தால் நிலைமை மோசம். கரியின் உமிழ்திறன் 0.95-ஐ ஒட்டி இருக்கும். முதல் கணக்கில் 0.2-க்குப் பதில் இதைப் போட்டால் திருத்தம் 700 கெல்வினைத் தாண்டிவிடும். இவ்வளவு பெரிய திருத்தத்தை வைத்துக்கொண்டு அளந்தோம் என்று சொல்வதைவிட ஊகித்தோம் என்று சொல்வது நேர்மை. கரி படியும் சுடர்களில் மணியைச் சட்டென்று உள்ளே நுழைத்து, கரி படிவதற்குள் வரும் முதல் சில நொடி அளவைப் பிடிக்கும் முறை அதனால்தான் வந்தது.

வேறு தொல்லைகளும் உள்ளன:

1. பிளாட்டினம் நல்ல வினையூக்கி. சுடரின் ராடிக்கல்கள் அதன் மேற்பரப்பில் இணைந்து வெப்பத்தை அங்கேயே கொட்டும். மணி தேவைக்கு மேல் சூடாகும். மெல்லிய பீங்கான் வகைப் பூச்சு இதைத் தடுக்கும். ஆனால் பூச்சு மணியைப் பருக்க வைக்கிறது.
2. கம்பி வழியே சூடு கடத்தப்பட்டு வெளியேறும். கம்பியை ஒரே வெப்பநிலை உள்ள தளத்தில் படுக்க வைத்தால் இது குறையும்.
3. கம்பி சுடரின் ஓட்டத்தையே கலைக்கும். மில்லிமீட்டருக்கு 4,000 கெல்வின் சரிவில் 0.3 மில்லிமீட்டர் மணி உட்கார்ந்தால், அதன் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே 1,000 கெல்வினுக்கும் மேல் வித்தியாசம்.

திருத்தத்தைக் கணக்கிட்டுக் கழிப்பதைவிட நம்பகமான ஒரு வழி, வெவ்வேறு விட்டமுள்ள மூன்று நான்கு மணிகளால் ஒரே இடத்தை அளந்து, விட்டம் சுழியாகும் இடத்துக்குக் கோட்டை நீட்டிப் படிப்பது. அப்போது உமிழ்திறனைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை.

## தொடாமல் அளப்பது

ஒளியால் அளக்கலாம் என்றதும் பலருக்கு நிறம் நினைவுக்கு வரும். நீலத் தீ மஞ்சள் தீயைவிடச் சூடு என்று சொல்வதுண்டு. முடிவு பல நேரம் சரி, காரணம் தப்பு. மஞ்சள் நிறம் சூடேறிய கரித்துகள்களின் ஒளிர்வு; அதன் நிறத்துக்கும் வெப்பநிலைக்கும் நேர்த் தொடர்பு உண்டு. நீலமோ வேதிவினையில் கிளர்ந்த துண்டுகள் உமிழும் ஒளி: ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு 431 நானோமீட்டரிலும், இரட்டைக் கார்பன் துண்டு 516 நானோமீட்டரை ஒட்டியும் ஒளிர்கின்றன. இந்த நீலத்தை வைத்து விண்மீன் போலச் சூட்டைக் கணிக்க முடியாது; அப்படிக் கணித்தால் சூரியனைவிடச் சூடான அடுப்பு கிடைக்கும்.

பழைய முறைகளில் அழகானது சோடியம் கோடு தலைகீழாதல். சுடரில் துளி உப்பைத் தூவி, அதன் பின்னால் ஒரு விளக்கை வைத்து நிறமாலைமானியில் பார்ப்பார்கள். சுடர் விளக்கைவிடச் சூடாக இருந்தால் 589 நானோமீட்டரில் சோடியத்தின் இரட்டைக் கோடு பளிச்சென்று தெரியும். விளக்கு சூடாக இருந்தால் அதே கோடு கறுப்பாகும். விளக்கைக் கூட்டிக் குறைத்துக் கோடு மறையும் புள்ளியைக் கண்டுபிடித்தால், இரண்டின் வெப்பநிலையும் சமம். குறை ஒன்று: ஒளி சுடரை ஊடுருவிக் கடக்கும் பாதை முழுவதற்கும் சேர்த்து ஒரே விடைதான் கிடைக்கும்.

இதே குறை லேசர் உட்கவர் முறைக்கும் உண்டு. நீராவி 1.4 மைக்ரோமீட்டரை ஒட்டி உட்கவரும் இரு கோடுகளின் விகிதத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணிப்பார்கள். வெப்பம் கூடும்போது ஒரு கோடு வலுக்கும், மற்றது தளரும். சுடரின் குளிர்ந்த ஓரங்களில் வாயு அடர்த்தி அதிகம் என்பதால் அவை விடையைத் தம் பக்கம் இழுக்கும். சுடர் வட்டச் சமச்சீராக இருந்தால் பல பாதைகளில் அளந்து, ஏபெல் மாற்றம் என்ற கணித முறையால் உள் அடுக்குகளைப் பிரித்தெடுக்கலாம்.

புள்ளி புள்ளியாக அளக்க இரண்டு வழிகள் முக்கியம். ராலே சிதறலில் லேசர் ஒளி வாயு மூலக்கூறுகளில் பட்டு நிறம் மாறாமல் சிதறும். சிதறும் அளவு மூலக்கூறு எண்ணிக்கையைப் பொறுத்தது. அழுத்தம் மாறாவிட்டால் 2,200 கெல்வினில் எண்ணிக்கை அறை வெப்பநிலையில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஆனால் மீத்தேன் ஒரு மாதிரியும் ஹைட்ரஜன் ஒரு மாதிரியும் சிதறடிக்கும். எனவே வெப்பநிலையைச் சொல்ல முதலில் எந்த வாயு எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதைப் பெரும்பாலும் கணினி மாதிரியிடமிருந்தே கடன் வாங்குகிறார்கள். அளவீட்டுக்குள் கணக்கு ஒளிந்திருப்பது இங்கேதான்.

இரண்டாவது, 1928-இல் சி. வி. ராமன் கண்ட விளைவின் லேசர் வாரிசு. மூன்று லேசர் கற்றைகளை ஒரு புள்ளியில் சந்திக்க வைத்தால் நைட்ரஜனிடமிருந்து நான்காவது கற்றை ஒன்று பிறக்கும். சுருக்கமாகக் கார்ஸ் என்பார்கள். 1973-இல் பிரான்சில் ரெக்னியேவும் தாரானும் இதை வாயுக்களை அளக்கக் கையாண்டார்கள். நான்காவது கற்றையின் பிரகாசத்தை விட்டுவிட்டு அதன் நிறமாலை வடிவத்தைப் படிப்பதால், கண்ணாடி அழுக்கானாலும் விடை கெடுவதில்லை. 2,000 கெல்வினில் சில பத்து கெல்வின் பிழைக்குள் அளக்கலாம். கருவி மட்டும் ஓர் அறையை அடைத்துக்கொள்ளும்.

எளிய மாற்று ஒன்றும் உண்டு: 15 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சிலிகான் கார்பைடு இழையைச் சுடரின் குறுக்கே கட்டி, அது ஒளிர்வதைக் கேமராவில் படம்பிடிப்பது. இழை மெல்லியதால் கதிர்வீச்சுத் திருத்தமும் சிறிது. ஒரே படத்தில் சுடரின் குறுக்குவெட்டு முழுக்க வெப்பநிலை கிடைத்துவிடும்.

## உள்ளே யார் யார்?

வாயுக் கலவையை அறிய நேரடியான வழி, உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது. நுனியில் 0.1 மில்லிமீட்டர் துளையுள்ள குவார்ட்ஸ் குழலைச் சுடருக்குள் வைத்து உறிஞ்சுவார்கள். உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வினைகள் உறைந்துவிடும் என்பது நம்பிக்கை. மீத்தேன், கார்பன் டை ஆக்ஸைடு போன்ற நிலையான வாயுக்களுக்கு இது பலிக்கும். ராடிக்கல்கள் குழலின் சுவரைத் தொட்டதுமே அழிந்துவிடும்.

அவற்றுக்கு மூலக்கூறுக் கற்றை முறை. வாயு கூம்பின் நுனித் துளை வழியே வெற்றிடத்துக்குள் பாய்ந்து, எதன் மீதும் மோதாமல், மூலக்கூறுகளை எடைபோடும் நிறைமானிக்குப் போய்விடும். சுடரை 40 மில்லிபார் அழுத்தத்தில் எரிப்பார்கள். தடிமன் அழுத்தத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதம் என்பதால் அரை மில்லிமீட்டர் அடுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விரிந்துவிடும். உள்ளே துழாவ இடம் கிடைக்கும்.

நிறைமானி தருவது நிறை எண் மட்டுமே. இங்கேதான் ஆள்மாறாட்டம். நிறை 28 என்றால் கார்பன் மோனாக்ஸைடா, நைட்ரஜனா, எத்திலீனா? மூன்றுக்கும் நிறை அதேதான். இவற்றை அயனியாக்கத் தேவையான ஆற்றல் மட்டும் வேறு: எத்திலீனுக்கு 10.5 எலக்ட்ரான் வோல்ட், கார்பன் மோனாக்ஸைடுக்கு 14.0, நைட்ரஜனுக்கு 15.6. எலக்ட்ரான்களை வட்டமாகச் சுற்றவிடும் சின்க்ரோட்ரான் இயந்திரம் தரும், ஆற்றலைத் துல்லியமாகத் திருகக்கூடிய ஒளியை 11-இல் வைத்தால் எத்திலீன் மட்டுமே சிக்கும்.

நிறை 44-இலும் இப்படி ஒரு கதை. அசிட்டால்டிஹைடுக்கு 10.2 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதற்குக் கீழேயே, 9.3-இலிருந்து, நிறை 44-இல் சமிக்ஞை எழுந்தது. அது எத்தினால், அதாவது ஈனால் வகையின் மிகச் சிறிய மூலக்கூறு. அதுவரை இருந்த எரிதல் மாதிரிகளில் ஈனால்களுக்கு இடமே இல்லை. பல ஹைட்ரோகார்பன் சுடர்களில் அவை இருப்பது 2005-இல் வெளியானது. மாதிரியில் இல்லாத ஒன்று சுடரில் இருந்தது. கருவி கூர்மையாகும் வரை யாருக்கும் தெரியவில்லை.

கூம்பு சுடரைக் குளிர்விக்கிறது என்பதை மறக்கக் கூடாது. துளைக்கு அருகே சில நூறு கெல்வின் வரை குறையலாம். கலவை அளந்த வாயுவும் வெப்பநிலை அளந்த வாயுவும் ஒன்றாக இருக்க, கூம்பு உள்ளே இருக்கும்போதே வெப்பநிலையையும் அளக்க வேண்டும்.

ராடிக்கல்களைத் தொடாமல் பிடிக்க லேசர் தூண்டு ஒளிர்வு முறை உண்டு. ஹைட்ராக்ஸிலை 283 நானோமீட்டர் லேசரால் கிளர்த்தினால் 308-ஐ ஒட்டி ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும். தனியே விட்டால் கிளர்ந்த ஹைட்ராக்ஸில் சுமார் 700 நானோ விநாடி வாழும். வளிமண்டல அழுத்தச் சுடரிலோ நீராவி முதலான மூலக்கூறுகள் மோதி 2 நானோ விநாடியில் அதை அணைத்துவிடுகின்றன. ஒளிர்வது சில நூற்றில் ஒன்றுதான். மோதும் கூட்டத்தின் கலவையும் வெப்பநிலையும் தெரியாமல் பிரகாசத்தைச் செறிவாக மாற்ற முடியாது. மறுபடியும் மாதிரியிடம் கடன்.

## கணினிக்குள் எரியும் சுடர்

மாதிரிக்கு அடிப்படை மூன்று கணக்குப் புத்தகங்கள்: நிறை, ஒவ்வொரு வேதிப்பொருளின் அளவு, ஆற்றல். தட்டைச் சுடரில் எல்லாம் ஒரே திசையில் மாறுவதால் கணக்கு ஒரு பரிமாணத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் ஓட்டத்தால் வருவது, விரவலால் வருவது, வினையால் பிறப்பது மூன்றும் சேர்ந்து சுழியாக வேண்டும். 1980களில் சாண்டியா ஆய்வகத்தில் உருவான கெம்கின், இன்று எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய கான்டெரா போன்ற மென்பொருள்கள் செய்வது இதைத்தான்.

சுடர் எந்த வேகத்தில் நகரும் என்பதை நாம் கொடுப்பதில்லை. அதுவும் விடையில் ஒரு பகுதி. ஓரிடத்தில் வெப்பநிலையை நிலைநிறுத்தி, சுடர் நகராமல் இருக்க என்ன வேகத்தில் வாயு வர வேண்டும் என்று கணினி தேடிக் கண்டுபிடிக்கிறது. அந்த வேகம்தான் எரிவேகம்.

உள்ளே கொடுக்க வேண்டியவை மூன்று.

1. வினைப்பட்டியல். மீத்தேனுக்குப் பரவலாகப் பயன்பட்ட ஜிஆர்ஐ-மெக் 3.0-இல் 53 வேதிப்பொருள்கள், 325 வினைகள். ஒவ்வொரு வினைக்கும் அர்ரீனியஸ் வடிவில், அதாவது வெப்பநிலை கூடக்கூடச் செங்குத்தாக ஏறும் சூத்திரத்தில், வேகம். இத்தனையிலும் கோலோச்சுவது ஒன்று: ஹைட்ரஜன் அணு + ஆக்சிஜன் மூலக்கூறு → ஹைட்ராக்ஸில் + ஆக்சிஜன் அணு. ஒரு ராடிக்கல் இரண்டாகப் பெருகும் இடம் இது.
2. வெப்பத் தரவு. ஒவ்வொரு பொருளின் உருவாக்க ஆற்றல், வெப்ப ஏற்புத்திறன். பழைய நூல்களில் கல்லில் பொறித்ததாகக் கருதப்பட்ட ஹைட்ராக்ஸிலின் உருவாக்க ஆற்றலே 2000களின் தொடக்கத்தில் மோலுக்குச் சுமார் 2 கிலோ ஜூல் திருத்தப்பட்டது.
3. விரவல், கடத்தல் தரவு. எடை குறைந்த ஹைட்ரஜன் சூடான பக்கம் நோக்கி ஒதுங்கும் சோரே விளைவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது இங்கே முடிவாகும்.

கணக்குப் போடுவது கடினமாவதற்குக் காரணம் வேகங்களின் பாரதூர வித்தியாசம். சில ராடிக்கல்கள் நானோ விநாடியில் மாறுகின்றன. கார்பன் மோனாக்ஸைடு எரிந்து தீர மில்லி விநாடிகள் ஆகின்றன. சாதாரண முறையில் படிப்படியாக முன்னேறினால் கணினி நானோ விநாடியிலேயே நொண்டிக்கொண்டிருக்கும்.

## பொருந்திவிட்டால் போதுமா?

அளந்த புள்ளிகள் மேல் மாதிரியின் கோடு அழகாகப் போகும் வரைபடத்தைப் பார்த்ததும் மாதிரி நிரூபணமானது என்று நினைத்துவிடுகிறோம். கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு நைட்ரிக் ஆக்ஸைடு கதை போதும்.

காற்றில் இருக்கும் நைட்ரஜன் உயர்வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து இந்த மாசு உருவாவதை ஸெல்டோவிச் 1940களில் விளக்கினார். 1971-இல் ஃபெனிமோர், சுடரின் வினை அடுக்கிலேயே அதைவிட வேகமாகக் கொஞ்சம் உருவாவதைக் கண்டார். ஹைட்ரோகார்பன் துண்டு நைட்ரஜனோடு மோதி, ஹைட்ரஜன் சயனைடும் நைட்ரஜன் அணுவும் தருவதாகக் கொண்டார்கள். பல மாதிரிகளில் அந்த வினையின் வேகம் அளவீட்டுக்குப் பொருந்தும்படி அமைந்தது. கோடும் புள்ளியும் ஒட்டின. சிக்கல் என்னவென்றால், குவாண்டம் விதிப்படி அந்த வினை எலக்ட்ரான் சுழற்சிக் காரணத்தால் தடைபட்டது. 2000-இல் மாஸ்கலேவாவும் லின்னும் வேறு வழியைக் கணித்தார்கள்: ஒரு கார்பனை நடுவில் வைத்து இரு நைட்ரஜன்கள் நிற்கும் ராடிக்கலும் ஹைட்ரஜன் அணுவும்தான் பிறக்கின்றன. 2003-இல் அந்த ராடிக்கலைச் சுடருக்குள்ளேயே லேசர் கையும் களவுமாகப் பிடித்தது. தவறான வினை இத்தனை ஆண்டு சரியான விடை தந்துகொண்டிருந்தது.

ஸெல்டோவிச் வழியில் வெப்பநிலைப் பிழை எப்படிப் பெருகும் என்பதையும் பார்க்கலாம். அதன் முதல் வினையின் வேகம் 2,200 கெல்வினிலிருந்து 2,300-க்குப் போனால் இரண்டு மடங்குக்கும் சற்று மேலாகிறது. வினைக்கு வேண்டிய ஆக்சிஜன் அணுக்களும் கூடுவதால் மொத்த விளைவு அதையும் தாண்டும். தெர்மோகப்பிள் கணக்கில் 160 கெல்வினைத் திருத்த மறந்தவர், மாசுக் கணிப்பில் பல மடங்கு தவறுவார். பழியை வேதிவினை மேல் போடுவார்.

எரிவேகத்திலும் இப்படி ஒரு பழைய குழப்பம். புன்சன் கூம்பின் சாய்வுக் கோணத்திலிருந்து அதைக் கணிக்கலாம்; ஆனால் கூம்பு வளைந்தது. வளைவும் ஓட்டத்தின் இழுப்பும் எரிவேகத்தை மாற்றும். 1984-இல் வூவும் லாவும் இழுப்பைப் படிப்படியாகக் குறைத்து, சுழிக்கு நீட்டிப் படிக்கும் வழியைக் காட்டினார்கள். மணியின் விட்டத்தைச் சுழிக்கு நீட்டிய அதே தந்திரம். சிதறிக் கிடந்த எண்கள் அதற்குப் பிறகுதான் நெருங்கி வந்தன.

ஆகவே ஒரு சுடர் வரைபடத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை:

1. வெப்பநிலையை மாதிரி கணித்ததா, அல்லது அளந்த வெப்பநிலையை மாதிரிக்குள் ஊட்டினார்களா? தட்டைச் சுடர்களில் பின்னதே வழக்கம். அப்போது வெப்பநிலைக் கோடு பொருந்துவதில் வியப்பில்லை. வேதிப்பொருள்கள் பொருந்துகின்றனவா என்பதே சோதனை.
2. கோடுகளைப் பக்கவாட்டில் நகர்த்திப் பொருத்தினார்களா? குழல் நுனிக்கு முன்னாலிருந்து வாயுவை இழுப்பதால் சிறு நகர்த்தல் நியாயம். தடிமனுக்கு இணையான நகர்த்தல் நியாயமில்லை.
3. அளவீட்டைச் செறிவாக மாற்ற எந்த மாதிரி பயன்பட்டது? சோதிக்கப்படும் மாதிரியே அதுவானால், தன் விடைத்தாளைத் தானே திருத்திய கதை.
4. வினைப்பட்டியல் இந்த எரிபொருளுக்காக உருவானதா? ஜிஆர்ஐ-மெக்கில் புரோப்பேன் இருக்கிறது. அதற்காக அதைப் புரோப்பேன் மாதிரியாகக் கொள்ள முடியாது.

## புது எரிபொருள், பழைய கேள்வி

கார்பன் இல்லாத எரிபொருள்கள் என்று ஹைட்ரஜனும் அம்மோனியாவும் செய்திகளில் அடிபடுகின்றன. மீத்தேனுக்குப் பழகிய முறைகள் இரண்டிலும் தடுமாறுகின்றன.

ஹைட்ரஜன்-காற்றுக் கலவையின் எரிவேகம் நிறைவிகிதத்திலேயே விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். எரிபொருள் மிகுந்த பக்கம் ஏறத்தாழ 3 மீட்டர். கலவை வரும் வேகம் இதைவிடக் குறைந்தால் சுடர் பர்னருக்குள்ளேயே பின்வாங்கிவிடும். ஹைட்ரஜன் குறைந்த கலவைகளில் இன்னொரு வினோதம்: ஹைட்ரஜன் சூட்டைவிட வேகமாக விரவுவதால் சமதளச் சுடர் தானாகவே உடைந்து கண்ணறைகளாகிவிடும். ஒரு பரிமாணக் கணக்குக்கு நேர் நிற்கும் ஒரு பரிமாணச் சுடரே அங்கே கிடைக்காது.

அம்மோனியா நேர் எதிர். அதன் எரிவேகம் உச்சத்திலும் விநாடிக்குச் சுமார் 7 சென்டிமீட்டர்தான். இவ்வளவு மெதுவான சுடரைச் சூடான வாயுவின் மிதப்பே மேலே தள்ளி வளைத்துவிடும். கதிர்வீச்சில் போகும் வெப்பத்தையும் இனி ஒதுக்கிவைக்க முடியாது. நைட்ரஜன் எரிபொருளுக்குள்ளேயே இருப்பதால் மாசுக் கணக்கு ஒரு வினையின் கிளைப்பிரிவில் தொங்குகிறது. இரு ஹைட்ரஜன் கொண்ட நைட்ரஜன் துண்டு நைட்ரிக் ஆக்ஸைடோடு சேரும்போது ஒரு கிளை நேரே நைட்ரஜனும் நீரும் தந்து ராடிக்கலைத் தீர்க்கும். மறு கிளை ஹைட்ராக்ஸிலைத் தந்து எரிதலைத் தூண்டும். இரண்டுக்கும் பங்கு எவ்வளவு என்பதைச் சில சதவீதம் மாற்றினாலே கணினிச் சுடரின் வேகமும் மாசும் சேர்ந்து நகர்கின்றன.